ஈஸ்வரமூர்த்தி கவிழ்த்து வைத்த நாற்காலி

கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில், வாய்க்கால் பாலம் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் வருகிற மூன்றாவது தென்னந்தோப்பு ஈஸ்வரமூர்த்தியுடையது. வயது அறுபத்திரண்டு. வாய்க்கால் தண்ணீருக்காக யாரோடும் சண்டை போட்டதில்லை, தேர்தலில் நின்றதில்லை, யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை. இப்படிப்பட்டவரின் வாழ்க்கையை எழுதி என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். சமூகவியல் என்னும் துறைக்கு அவர் ஒரு வழக்கத்தையே வழங்கியிருக்கிறார். அந்தத் துறை பதிலுக்கு அவருக்கு என்ன வழங்கியது என்பதை முறையாகப் பதிவுசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

அவரிடம் ஒரே ஒரு விசேஷ குணம் உண்டு. தன் கட்டிலைத் தவிர வேறெங்கும் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் காங்கயத்தில் மாமனார் வீட்டில் ஒரு ராத்திரி விடியவிடிய மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். மூன்றுதான் இருந்தன. மனித நடத்தைக்குப் பின்னால் பெரிய காரணங்களைத் தேடுகிறவர்கள் இந்தச் சின்னக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் ஸ்ரீலேகா அங்கே வந்தாள். பாலக்காட்டுக் கல்பாத்திப் பெண், அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கேரள எல்லையோரத் தமிழ் விவசாயக் குடும்பங்கள் பிள்ளைகளின் பிரிவை எப்படி எதிர்கொள்கின்றன என்பது தலைப்பு. கேள்வித்தாளில் நாற்பத்தாறு கேள்விகள். முப்பத்தொன்றுக்கு ஈஸ்வரமூர்த்தி சொன்ன பதில், "அப்படி ஒண்ணும் இல்லீங்க." பிள்ளை ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள்? பஸ் ஏத்தி உடுவமுங்க. அப்புறம்? திரும்பி வருவமுங்க.

இரண்டு பஸ் மாறி வந்த பெண். முகம் வெயிலில் சிவந்து, அழுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற மாதிரி இருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டாவதை வேண்டாம் என்றாள். நாலு தேங்காய் எடுத்துப் போகச் சொன்னார். பஸ்ஸில் கனம் என்றாள். பேனாவை மூடினாள். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அந்தப் பக்கத்து மனிதர்களால் முடியாத காரியம். கொடுக்க வேறு என்ன இருக்கிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், வாசல் மூலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடப்பதை அவள் பார்த்தாள். அதன் பின்னங்காலில் விரிசல். தெரியாமல் யாராவது உட்கார்ந்து விழக்கூடாதென்று கவிழ்த்து வைத்தவர் அவரேதான்.

"அது எதுக்காக்கும் கமுத்தி வெச்சிருக்கு?"

"அதுங்களா. பையன் கோயமுத்தூருல படிக்கறானுங்க. வெளியூரு போன ஆளு திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஆளோட நாற்காலிய இப்படிக் கவுத்து வெக்கறதுங்க."

பேனா திறந்தது.

"வேற யாரும் உக்காரப்படாதோ?"

"படாதுங்க."

"இதுல வேற முறை ஏதாவது உண்டோ?"

சமையலறையில் பொன்னாத்தாள் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். காங்கயத்தில் தன் அண்ணன் வீட்டு நோம்பித் திருவிழாவுக்கு இரண்டு ராத்திரி வந்து தங்கியே ஆக வேண்டும் என்று கணவரிடம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஈஸ்வரமூர்த்தி குரலைச் சமையலறை வரை எட்டுகிற அளவுக்கு உயர்த்தினார்.

"ஊட்டுக்குப் பெரியவன் அதுவரைக்கும் ராத்திரி வெளியூருல தங்கப்படாதுங்க. தங்குனா போன பிள்ளைக்கு ஆகாதுங்க."

டம்ளர் சத்தம் நின்றது. அவள் எட்டிப் பார்த்து, "இதென்னுங்க புதுசா," என்றாள். "உங்க காங்கயத்துப் பக்கமெல்லாம் இல்லையாட்ட இருக்குது. எங்க பக்கம் உண்டு," என்றார். வாக்கப்பட்டு வந்த பெண் புகுந்த ஊர் வழக்கத்தை எதிர்த்து என்ன பேசுவாள். நோம்பிக்கு அவள் மட்டும் போனாள். ஸ்ரீலேகா ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். ஒரே பதிலில் வந்தவளுக்கு உபசாரமும் தனக்கு விடுதலையும் தேடிக்கொண்டதாக அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார், தன் கட்டிலில்.

ஆய்வேடு மூன்று வருஷத்தில் முடிந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்புகிற சமூகம், போனவரின் இடத்தைக் காலியாகவும் இருப்பவரின் காலைக் கட்டியும் வைத்துத் தன்னைச் சிதறாமல் காத்துக்கொள்கிறது என்று அதில் நிறுவப்பட்டது. சிறப்பான கோட்பாடு. அதற்கு உதாரணமாக ஊரில் ஒரு நாற்காலிதான் இருந்தது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் குறையை ஊர் சீக்கிரமே சரிசெய்தது. ஒரு மலையாளப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் படத்தோடு செய்தி வந்தது. பழைய நாற்காலி படத்துக்கு நன்றாக இல்லை என்று படக்காரர் சொன்னதால், நல்ல சிவப்பு நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து ஈஸ்வரமூர்த்தியை அதன் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பஞ்சாயத்து வெளியிட்ட மலரில் அது 'நம் மண்ணின் மரபு' ஆயிற்று. டீக்கடையில் ஒருவர், "எங்க தாத்தன் காலத்துல நாற்காலி ஏதுங்க, மணையத்தான் கவுப்பாங்க," என்றார். அடுத்த வாரம் மேலும் ஐந்து பேருக்கு மணை ஞாபகம் வந்தது.

பிறகு நடந்தவை பாடப் புத்தகத்தில் சேர்க்கத் தக்கவை. கவிழ்ந்த நாற்காலி இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று பொருள். இரண்டு நாற்காலி கவிழ்ந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கப் போட்டி. அடுத்த தோப்புக்காரி பழனாத்தாள், மூத்தவன் சார்ஜாவுக்கும் இளையவன் மஸ்கட்டுக்கும் போனபிறகு இரண்டு நாற்காலிகளைத் தெருவைப் பார்த்த மாதிரி கவிழ்த்து, தினமும் துடைத்தாள். பிள்ளை யாரும் வெளியே போகாத ஒரு வீட்டில், வெட்கத்துக்காக ஒரு ஸ்டூலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்புகிற மகனுக்காம்.

பழனாத்தாளின் கணவர் ஒருமுறை பழனிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினார். அந்த வாரம் சார்ஜாவில் மூத்தவன் படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அதோடு விவாதம் முடிந்தது. பெரியவர்கள் யாரும் ராத்திரி வெளியே தங்குவதில்லை. கோட்பாடு சொன்னது அத்தனையும் இப்போது ஊரில் கண்ணெதிரே நடந்தது.

இதற்கிடையில் ஈஸ்வரமூர்த்தியின் மகன் ரமேஷ்குமார் கத்தாருக்குப் போய் உயரமான கிரேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் யோகப்பிரியா ஆசிரியர் பயிற்சியில் கூடப் படித்தவனின் அண்ணன் சுருளிவேலைக் கட்டிக்கொண்டு உடும்பஞ்சோலைக்குப் போனாள். சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. அந்தக் கல்யாணத்துக்கு முதல் எதிர்ப்பும் கடைசிச் சம்மதமும் ஈஸ்வரமூர்த்தியுடையவை. ஆனால் மகள் வீட்டை அவர் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மலையேறிப் போய் அன்றைக்கே திரும்ப முடியாது. ரமேஷ்குமார் லீவில் வரும்போது நாற்காலி நிமிரும், போகலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து நாள் வருகிற மகனை விட்டுவிட்டு எந்த அப்பன் ஊருக்குப் போவான்.

மூத்த பேரன் இங்கே பிறந்தான். இரண்டாவது பேத்தி மலையிலேயே பிறந்தாள். சிஞ்சு என்று கூப்பிடுகிறார்கள். பொன்னாத்தாள் போய் நாற்பது நாள் இருந்தாள். வீட்டுப் பெண்களுக்குத் தடை இல்லை, தடையைச் சொன்னபோது அவர் அதை யோசிக்கவில்லை. அந்த நாற்பது நாளும் மகனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று கவிழ்ந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் ரசம் சோறு சாப்பிட்டார்.

இந்த வருஷம் தை பிறந்ததும் யோகப்பிரியா போன் செய்தாள்.

"அப்பா, சிஞ்சுவுக்குப் பதினோராம் மாசம் காது குத்தறமுங்க. அண்ணனுக்கு லீவு இல்லையாம். தாய்மாமன் மடி இல்லைன்னா உங்க மடியிலதான் உக்கார வெக்கோணும். வேற யாரு மடியிலயும் நான் வெக்க மாட்டனுங்கப்பா."

தாய்மாமன் மடி, இல்லையென்றால் தாத்தன் மடி என்பது எத்தனையோ தலைமுறை வழக்கம். கவிழ்த்த நாற்காலி பதின்மூன்று வருஷ வழக்கம். இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று கேட்டால் பழையது என்றுதான் எவரும் சொல்வார். ஊரில் அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் மனைவியிடம் உண்மையைச் சொன்னார்.

"ஏம்புள்ள, அது நான் அன்னிக்குச் சும்மா உட்ட கதை. காலு ஒடஞ்ச நாற்காலி."

பொன்னாத்தாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"பேத்தி மேல உள்ள ஆசையில சொல்றீங்க. எனக்கு மட்டும் உங்களக் கூட்டிட்டுப் போகோணும்னு இல்லீங்களா? பையன் அத்தனை ஒசரத்துல குந்தியிருக்கறான். இங்க நீங்க ஒரு ராத்திரி மலைமேல தங்கி, அங்க அவனுக்கு ஒண்ணுன்னா நான் ஆரக் கேக்கறது?"

"உங்கண்ணன் ஊட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். சத்தியமா."

"எங்கண்ணன எதுக்குங்க இதுல இழுக்கறீங்க," என்றாள். அதோடு அந்தப் பேச்சு காங்கயத்துப் பக்கம் போய்விட்டது.

டீக்கடையில் சொன்னார். தன்னடக்கம் என்றார்கள். பால் சொசைட்டியில் சொன்னார். வயசாச்சு என்றார்கள். விஷயம் காதில் விழுந்து பழனாத்தாள் வீட்டுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க மூர்த்தியண்ணா, பொய்யின்னு சொல்றீங்களாமா. அப்ப என்ற மகன் சும்மாவா உழுந்தான்? எங்கூட்டுக்காரரு மூணு வருசமா அந்தப் பழனி ராத்திரிய நெனச்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்கறாரே, அதும் சும்மாவா?"

ஈஸ்வரமூர்த்தி சொன்ன பொய்யின்மேல் அடுத்தவர்கள் தங்கள் துக்கத்தைக் கட்டி வைத்திருந்தார்கள்; அடியில் கை வைத்தால் அது ஆடுகிறது.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கல்பாத்திக்குப் போனார். ஸ்ரீலேகா இப்போது கல்லூரி ஆசிரியை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். "வாங்கோ சார், இரிங்கோ," என்று காப்பி கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். விரிசல், இளநீர், காங்கயம், மின்விசிறி, எதையும் விடவில்லை.

ஸ்ரீலேகாவுக்குப் பின்னால் அலமாரியில் அந்த நாற்காலியைப் பற்றி ஒரு புத்தகமும் பதினோரு கட்டுரைகளும் இருந்தன.

"இதை வேற யார்கிட்டேயாவது சொன்னேளா?"

"எல்லார்கிட்டயும் சொன்னனுங்க டீச்சர். ஆரும் நம்பலீங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பாடமும் வந்தது.

"நம்ப மாட்டா. பாருங்கோ சார், அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யாவே இருக்கட்டும். இன்னிக்கு நூத்து நாப்பது ஆத்துல கமுத்தி வெச்சிருக்கா. அதை எப்படிப் பொய்ங்கறது? ஒண்ணை நெஜம்னு நெனச்சு மனுஷா நடந்துண்டா, அதோட பலன் நெஜமாயிடும். இதை நான் ரெண்டாம் செமஸ்டருக்கு எடுக்கறேனாக்கும்."

"அப்ப நான் போக முடியாதுங்களா?"

"தியரிப்படி முடியாது."

"தியரியில பேத்திக்கு எடமிருக்குதுங்களா டீச்சர்?"

ஸ்ரீலேகா எழுந்து போய் இன்னும் கொஞ்சம் காப்பி கொண்டுவந்தாள். அவளுக்கும் இதில் தூக்கம் கெட ஆரம்பித்திருந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"விலக்கு இல்லாத ஆசாரம் எங்கேயும் நிலைச்சதில்லே. எங்காத்துல ஏகாதசிக்குச் சாதம் கூடாது. ஆனா அடை தின்னலாம், உப்புமா தின்னலாம். அன்னிக்குத்தான் எல்லாரும் ரெட்டிப்பாத் திங்கறா. இதுக்கும் ஒரு விலக்கு இருந்தே ஆகணும். ஆனா அதை நான் சொல்லப்படாது. நான் எழுதிக்கறவ. நீங்கன்னா மூலம்."

"மூலமுன்னா?"

"நீங்க சொன்னா உண்டு."

அவர் கொல்லங்கோடு வரை யோசித்தார். ஊரில் இறங்கி நேரே டீக்கடைக்குப் போய், ஒரு டீ சொல்லி, அது வருவதற்குள் சொல்லி முடித்தார்.

"அத்தியாவசியமாப் போகோணும்னா, அந்த நாற்காலியவும் கவுத்தமானிக்கே, நிமித்தாமக் கூடக் கொண்டு போகோணுமுங்க. அப்பத் தோஷமில்லீங்க. எங்க தாத்தன் மணையத் தலைமேல வெச்சுட்டுத்தான் வெள்ளியங்கிரிக்கே போவாரு."

ஒரு மாதமாகச் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. இதை டீ ஆறுவதற்குள் நம்பினார்கள். சாயங்காலம் பழனாத்தாள் வேலியோரம் வந்து, "அதானே, எனக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது," என்றாள். பழனிக்கு நாற்காலி கொண்டு போகாததுதான் தப்பு என்று அவள் கணவருக்கும் விளங்கியது. அவர் முகம் மேலும் தொங்கியது.

ஆக, காது குத்துக்கு முந்தின நாள் அதிகாலை ஈஸ்வரமூர்த்தியும் பொன்னாத்தாளும் ஒரு சிவப்பு நாற்காலியும் புறப்பட்டார்கள். உடுமலையில் கண்டக்டர் நாற்காலியைப் பின்பக்கம் நிமிர்த்திப் போடச் சொன்னார். பொன்னாத்தாள் சம்மதிக்கவில்லை. நாலு காலும் மேலே தெரிய அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டையூசி வளைவுகளில் அது ஒருபக்கம் சாயும். "புடியுங்க, நிமுந்துரப் போகுது," என்பாள். அவர் பிடிப்பார். மறையூரில் ஏறிய பெண் ஒருத்தி, அனுமதி கேட்காமலே வெல்லப்பையை ஒரு காலில் மாட்டினாள். மூணாறு வருவதற்குள் நாலு காலிலும் பைகள் தொங்கின. வனத்துறை சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எந்தினா சேட்டா தலகீழாயிட்டு?" என்று மலையாளத்தில் காரணம் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்கு அனுபவம் உண்டு.

உடும்பஞ்சோலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது சாயங்காலம் ஐந்து மணி. ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. வீட்டு வராந்தாவில் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

"இது ஆருக்கு அம்மிணி? இங்க ஆரு வெளியூரு போனது?"

"உங்களுக்குத்தானுங்கப்பா," என்றாள் யோகப்பிரியா.

"நான் எப்ப இந்த ஊட்ல இருந்து போனேன்?"

"வந்தாத்தானே போறதுக்கு. வர்ற வரைக்கும் உங்க எடம் இருக்கட்டும்னு போட்டு வெச்சேன். மூணு வருசமாச்சுங்கப்பா."

அவள் நாற்காலியை நிமிர்த்தினாள். உட்பக்கம் சிலந்தி கட்டியிருந்ததைத் துண்டால் துடைத்தாள். "உக்காருங்க," என்றாள். வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் அவர். மகனுக்காக எத்தனையோ முறை கவிழ்த்திருக்கிறார், நிமிர்த்தியிருக்கிறார். தனக்காக ஒன்று எங்கோ ஒரு மலைமேல் கவிழ்ந்து கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை. உட்கார்ந்தார். சிஞ்சு தவழ்ந்து வந்து அவர் வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அதே பச்சை நாற்காலியில் அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். முதல் காதுக்குச் சிஞ்சு திகைத்தது. இரண்டாவதுக்கு அவர் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு அழுதது. நாலு பல் பதிந்தது. அந்தத் தழும்பை அவர் இன்றைக்கும் டீக்கடையில் காட்டுவதுண்டு. முந்தின ராத்திரி அவர் குறட்டை விட்டுத் தூங்கியதாகப் பொன்னாத்தாள் சொல்கிறாள். அவர் மறுக்கிறார்.

மத்தியானம் புறப்படும்போதுதான் சுருளிவேல் மாமனாரைச் சாக்குகளுக்குப் பின்னால் தனியே கூப்பிட்டான். காது குத்துக்கு வாங்க வாங்க என்று தினமும் போன் செய்தவன் அவன்தான். எவ்வளவு பாசமான மாப்பிள்ளை என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்திருந்தார்.

"அடுத்து எப்ப மாமா வருவீங்க?"

"ரமேசு லீவுல வந்து போகட்டுமுங்க மாப்ள. அடுத்த வருசம் பாக்கலாம்."

"என்னா மாமா இப்பிடிச் சொல்றீங்க," என்றான் சுருளிவேல். "நாற்காலி கவுந்து கெடக்குதுன்னு மூணு வருசமா என்னைய ராத்திரி வெளிய தங்கவிட மாட்டேங்கிறா. கீழ போடியில ஏவாரம் முடிய எந்நேரமானாலும் அந்தப் பனியில மலைமெட்டு ஏறி வந்து சேருறேன். ரெண்டு தடவ வண்டி பள்ளத்துக்குப் போகப் பாத்துச்சு. நீங்க வந்தா நிமுந்துரும்னுதான் இந்தக் காதுகுத்தையே இம்புட்டு அவசரமா வச்சேன்."

ஈஸ்வரமூர்த்திக்கு வாய்வரை வந்துவிட்டது. மாப்ள, அது பொய், காலு ஒடஞ்ச நாற்காலி, நீங்க போடியில தங்குங்க. சொன்னால் இவன் நம்புவான். மலைமேல் இருக்கிறவன், ஊர்க்காரன் இல்லை. அப்போது வராந்தாவில் யோகப்பிரியா பச்சை நாற்காலியின் மேல் அவர் உட்கார்ந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, மெதுவாக, சத்தம் வராமல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். திறந்தபோது வேறொன்று வந்தது.

"நாற்காலியக் கூடக் கொண்டு போயிட்டீங்கன்னாத் தங்கலாமுங்க மாப்ள. கவுத்தமானிக்கே. அப்படி ஒரு முறை இருக்குதுங்க."

சுருளிவேல் அவரை நம்பிக்கையோடு பார்த்தான். ஈஸ்வரமூர்த்தி தன் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பத்து நாள் கழித்து அவர் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. போடியில் ஏலக்காய் மண்டி வாசல். சுருளிவேலின் தலைமேல் பச்சை நாற்காலி, நாலு காலும் வானத்தைப் பார்த்து. அவனைச் சுற்றி வேட்டி கட்டிய வியாபாரிகள் சிலர் மரியாதையோடு நிற்கிறார்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "மாமா, இங்க நாலஞ்சு பேரு வெவரம் கேக்குறாங்க. இவங்க பிள்ளைகளும் வெளிநாட்டுலதான் இருக்காம். என்னா சொல்ல?"

படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் போகவில்லை.